செர்ரி-கரார்டின் துருவப் பயண நினைவுகள்: அவர் மீண்டு வந்தாரா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

ஆறு வாரம் காலில் கட்டுப் போட்டுப் படுத்த படுக்கையாக இருந்தேன். பார்க்க வந்த தோழி தடிமனான பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்தாள். "இதைப் படி, கஷ்டத்தை ஜெயிச்ச கதை. உன் வலியெல்லாம் ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடும்" என்றாள். புத்தகத்துக்கு அட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. எழுதியவர் யார் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது: ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட். 1922இல் வெளிவந்த 'தி வர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்' (உலகிலேயே மிக மோசமான பயணம்).

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட் 1910இல் 'டெர்ரா நோவா' கப்பலில் தென்துருவத்தை நோக்கிக் கிளம்பிய பயணத்தில் செர்ரியும் போனார். வயது 24. கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் குளிரில் மூக்குக்கண்ணாடியைப் போடவே முடியாது, மூச்சுக்காற்று பட்டதும் உறைந்துவிடும். ஆகவே நான் சொல்லப்போகும் பயணம் முழுவதையும் அவர் பாதிக்குருடராகத்தான் நடந்தார்.

1911 ஜூன் 27. எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், செர்ரி ஆகிய மூவரும் அண்டார்க்டிக் கரையில் குழு தங்கியிருந்த கேப் எவன்ஸ் குடிலிலிருந்து கேப் குரோசியர் என்ற முனைக்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஜூன் அங்கே நடுக்குளிர்காலம், சூரியன் தலைகாட்டாது. நாயும் இல்லை, குதிரையும் இல்லை. உடம்பில் வாரைக் கட்டிக்கொண்டு இரண்டு ஸ்லெட்ஜ் வண்டிகளைத் தாங்களே இழுத்தார்கள். கடுங்குளிரில் பனித்தரை மணலைப் போல வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஒன்றை இழுத்துப்போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து அடுத்ததை இழுக்க வேண்டும். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை. போய்ச் சேரவே 19 நாள்.

தொடக்கத்திலேயே செர்ரி கயிறு இழுக்கக் கையுறையைக் கழற்றினார். பத்து விரலிலும் பனிக்கடி. கொப்புளம் எழுந்தது, கொப்புளத்துக்குள் இருந்த நீரும் உறைந்தது. இன்னொரு காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, சுற்றிப் பார்க்கத் தலையைத் தூக்கினார். தூக்கிய தலையைக் கீழே இறக்க முடியவில்லை. பதினைந்து விநாடிக்குள் உடை பலகையாக இறுகிவிட்டது. நாலு மணிநேரம் அண்ணாந்தபடியே வண்டி இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் வெளியே வந்தவுடன் குனிந்து, இழுக்கிற நிலையில் உடம்பை வைத்துக்கொள்வார்களாம், உறைந்தால் அந்த நிலையிலேயே உறையட்டும் என்று. படுக்கையில் புரள முடியாமல் கிடந்த நான் இந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தேன்.

ஒருநாள் குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியசுக்கும் கீழே போனது. அந்தக் குளிரில் செர்ரியின் பற்கள் பிளந்தன.

இத்தனையும் எம்பரர் பெங்குவினின் முட்டைக்காக. ஐந்து எடுத்தார்கள். செர்ரி கையுறைக்குள் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த இரண்டும் அவர் தடுக்கி விழுந்ததில் உடைந்தன. மிஞ்சியவை மூன்று.

அங்கே கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டிய குடிலில் தங்கியிருந்தபோது புயல் வந்தது. முதலில் வெளியே இருந்த கூடாரம் பறந்தது. பிறகு கூரைத் துணி கிழிந்து துண்டு துண்டாகப் போனது. கூடாரம் இல்லாமல் திரும்பி நடந்தால் சாவு என்று மூவருக்கும் தெரியும். உறக்கப்பைக்குள் சுருண்டு கிடந்தார்கள், பனி மேலே வந்து மூடியது. நடுநடுவே பாடினார்கள். அன்று வில்சனின் பிறந்தநாள். காற்று ஓய்ந்ததும் இருட்டில் தேடப் போனார்கள். அரை மைல் தொலைவில் சரிவின் அடியில், மடக்கிய குடையைப் போல, கூடாரம் கிடந்தது.

ஆகஸ்ட் 1 அன்று மூவரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள். அந்த ஐந்து வாரமும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழவே இல்லையாம். தோழி சொன்ன "கஷ்டத்தை ஜெயிச்ச கதை" அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் புத்தகம் முடியவில்லை, இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன. அவற்றையும் படித்த பிறகு, இவர் ஜெயித்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

---

கடைசிபெஞ்ச்

அக்கா, தலைப்புல இருக்குற மோசமான பயணம் ஸ்காட் துருவத்துக்குப் போய்த் திரும்புறப்ப செத்தாரே, அதுதானே? முட்டை எடுக்கப் போனதையா அப்படிச் சொல்றார்?

---

நெய்தல்

முட்டைப் பயணத்தைத்தான் தம்பி. நானும் முதலில் உன்னைப் போலத்தான் நினைத்தேன். ஸ்காட்டின் சாவு உலகத்துக்கே தெரிந்த கதை. செர்ரி தலைப்பைக் கொடுத்ததோ யாரும் சாகாத, செய்தித்தாளில் பெரிதாக வராத அந்த ஐந்து வாரத்துக்கு. ஆனால் அதில் கூட நடந்த வில்சனும் பவர்சும் எட்டு மாதம் கழித்து ஸ்காட்டின் கூடாரத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் படுத்தபடி செத்துக் கிடந்தார்கள். அதனால் அந்த ஐந்து வாரத்தைச் சொல்ல மூவரில் இவர் ஒருவர்தான் மிச்சம்.

---

கருவிளை

உயிரியல் கற்பிப்பவள் என்பதால் முட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று பேசுவார்கள், எனக்குக் கோபம் வரும்.

ஒரு கரு வளரும்போது தன் இனம் பரிணாமத்தில் கடந்து வந்த படிகளை வரிசையாகத் திரும்பக் காட்டும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் சொல்லியிருந்தார். அதோடு, பறவைகளிலேயே பழமையான வகை எம்பரர் பெங்குவின் என்றும் அன்று நம்பினார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எம்பரரின் இளங்கரு கிடைத்தால் ஊர்வனவற்றிலிருந்து பறவை பிறந்த வழி தெரியும். செதில் இறகான விதம் தெரியும், பல் முளைக்கும் தடயம்கூடக் கிடைக்கலாம். வில்சன் அப்படித்தான் எண்ணினார்.

ஏன் நடுக்குளிர்காலத்தில் போக வேண்டும்? எம்பரர் அப்போதுதான் முட்டையிடும். கடல் உறைந்த பனித்தளத்தில், கூடு எதுவும் இல்லாமல், ஆண் பறவை முட்டையைத் தன் பாதத்தின்மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடி அடைகாக்கும். வசந்தம்வரை பொறுத்தால் குஞ்சுதான் இருக்கும், கரு இருக்காது. அன்றைக்குத் தெரிந்திருந்த ஒரே எம்பரர் குடியிருப்பு கேப் குரோசியர். 1902இல் ஸ்காட்டின் முந்தைய டிஸ்கவரி பயணத்தின்போது அதைக் கண்டுபிடித்தார்கள், வில்சன் அந்தக் குழுவிலும் இருந்தவர். ஒன்பது ஆண்டு மனதில் வைத்திருந்த கேள்விக்காகத்தான் நடந்தார்.

விடை என்ன ஆயிற்று? முட்டைகளை 1913இல் செர்ரியே லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார். அங்கே அவரை நடத்திய விதத்தைப் புத்தகத்தில் படியுங்கள், எனக்குத் தாங்கவில்லை. கருக்களைப் பற்றிய அறிக்கை 1934இல்தான் வந்தது. பெங்குவின் கருவைப் பற்றிய அறிவை அவை பெரிதாக வளர்க்கவில்லை என்பதே அதன் முடிவு. ஹெக்கலின் கொள்கையும் அதற்குள் செல்வாக்கு இழந்திருந்தது.

அதனால் வீணா? என் மாணவர்களிடம் நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்விக்கு "இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை" என்ற பதிலும் பதில்தான். யாராவது போய்ப் பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

---

நிலக்கரி

மனம் நோகப் பேச வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இது அவரே தேடிப்போன துன்பம். செர்ரி பெரிய நிலவுடைமைக் குடும்பத்து ஒரே ஆண் வாரிசு. பயணத்துக்கு 1000 பவுண்டு நன்கொடை தந்தவர். முதலில் அவரை எடுக்கவில்லை, பணம் மட்டும் இருக்கட்டும் என்று கொடுத்தார், அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் ஸ்காட் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். விலங்கியலில் பயிற்சி இல்லாமலே துணை விலங்கியலாளர்.

என் அப்பா பத்தொன்பது ஆண்டு சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். அவர் துன்பத்தைத் தேடிப்போகவில்லை, நினைவுக் குறிப்பும் எழுதவில்லை. 'துன்பத்தை வென்ற சாகசக்காரர்' என்று படிக்கும்போதெல்லாம், எழுத நேரமும் வசதியும் இருந்தவர்களின் துன்பம் மட்டும்தானே நம் கைக்கு வருகிறது என்று நினைப்பேன்.

அதே பயணத்தில் இருந்த டாம் கிரீனைப் பாருங்கள். சாதாரணக் கடற்படை ஆள். 1912 பிப்ரவரியில் லெப்டினன்ட் எவன்ஸ் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும்) நோயால் நடக்க முடியாமல் விழுந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள, கூட வந்த லேஷ்லி கூடாரத்தில் தங்கினார். கிரீன் மூன்று பிஸ்கட்டையும் கொஞ்சம் சாக்லேட்டையும் எடுத்துக்கொண்டு, கூடாரமோ உறக்கப்பையோ இல்லாமல், தனியாக 35 மைல் நடந்து போய்ச் சொல்லி உதவி கிடைக்கச் செய்தார். ஏறத்தாழ 18 மணிநேரம். கிரீன் புத்தகம் எழுதவில்லை.

---

நெய்தல்

நீங்கள் சொல்வது மனதில் தைக்கிறது நிலக்கரி. அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கிரீனும் லேஷ்லியும் செய்ததை நாம் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொண்டதில் செர்ரிக்குப் பெரிய பங்கு உண்டு. லேஷ்லியின் நாட்குறிப்பை வாங்கி, அவருடைய சொற்களிலேயே பக்கம் பக்கமாகத் தன் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். லேஷ்லி கப்பலில் கொதிகலன் பகுதியில் வேலை பார்த்தவர், தலைமை ஸ்டோக்கர். உங்கள் அப்பாவின் கரி அவருக்கும் பழக்கமாக இருந்திருக்கும். அவருடைய பக்கங்கள் வரும் இடத்தில் செர்ரி வாயை மூடிக்கொண்டு விலகி நிற்கிறார். தேடிப்போன துன்பம், திணிக்கப்பட்ட துன்பம் என்ற பிரிவை நான் மறுக்கவில்லை. ஆனால் செர்ரிக்கு 1912க்குப் பிறகு வந்தது அவர் தேடிப்போனது அல்ல.

---

ஆழி

சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தேன். வடக்கு அட்லாண்டிக்கில் குளிர்காலப் பயணங்கள் உண்டு. மைனஸ் 20தான் நான் கண்ட அதிகபட்சம். அதிலேயே வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 60 என்பதை என்னால் நினைத்துப்பார்க்கவும் முடியவில்லை.

குளிரில் முதலில் போவது விரல் இல்லை, முடிவெடுக்கும் தெளிவு. அரை மணிநேரம் மேல்தளத்தில் நின்றால் எதையும் செய்யாமல் உட்கார்ந்துவிடலாம் போல இருக்கும். அந்த மூவரும் ஐந்து வாரம் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழாமல் இருந்தார்கள் என்பதுதான் நெய்தல் சொன்னதிலேயே எனக்கு நம்ப முடியாத பகுதி.

---

மலைவழி

ஒரு வாரமாக இந்த இழையை வாசிக்கிறேன், எழுதத் துணிவு வரவில்லை. "1912க்குப் பிறகு வந்தது" என்று நெய்தல் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதை விரித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1912 பிப்ரவரிக் கடைசியில், துருவத்திலிருந்து திரும்பும் ஸ்காட் குழுவை எதிர்கொள்ள நாய்வண்டியோடு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மருத்துவர் அட்கின்சன் போயிருக்க வேண்டும், ஆனால் ஸ்கர்வியில் கிடந்த எவன்சை விட்டு அவரால் நகர முடியவில்லை. ஆகவே செர்ரி போனார். அதற்குமுன் நாய்வண்டி ஓட்டியதில்லை. திசையறியும் கணக்கு தெரியாது. கண் பார்வையோ சொல்ல வேண்டியதில்லை. துணைக்கு டிமிட்ரி என்ற ரஷ்ய இளைஞர்.

மார்ச் 3 அன்று 'ஒன் டன் டிப்போ' என்ற உணவுக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்காட் வரவில்லை. அங்கே மனிதருக்கு உணவு இருந்தது, நாய்க்கு இல்லை. அடுத்த பருவத்துக்கு நாய்கள் வேண்டும், அவற்றைப் பணயம் வைக்கக் கூடாது என்பது கட்டளை. தெற்கே இன்னும் போவதென்றால் நாயைக் கொன்று நாய்க்குப் போட வேண்டும். பெரும்பாலான நாட்கள் புயல், போனாலும் எதிரே வருபவர்களைத் தவறவிட்டுவிடலாம். மார்ச் 10 வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

நவம்பர் 12 அன்று தேடல் குழு ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டது. அந்தக் குழுவில் செர்ரியும் இருந்தார். கூடாரம் ஒன் டன்னிலிருந்து பதினோரு மைல்.

இனி என் கதை. மலையேற்றக் குழுக்களுக்குத் தன்னார்வலனாகத் துணைபோவேன். ஒருமுறை மூடுபனியில் இரண்டு பேர் பின்தங்கிவிட்டார்கள். இடைமுகாமில் நான் காத்திருந்தேன். குறித்த நேரம் தாண்டினால் இருக்கிறவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது விதி, என்னோடு பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு மணிநேரம் கூடுதலாகவே நின்றுவிட்டு இறங்கினேன். அந்த இருவரும் வேறு சரிவில் இறங்கி எங்களுக்கு முன்பே கீழே போய் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டோம், எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், பொறுப்பாக நடந்துகொண்டாய் என்று.

செர்ரியும் நானும் எடுத்தது ஒரே முடிவு. கையில் இருந்ததை வைத்து, சொல்லப்பட்ட விதிப்படி, காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். எனக்குக் கிடைத்தது முதுகில் தட்டு. அவருக்கு நாற்பத்தேழு ஆண்டு தூக்கமில்லை. அந்த இருவரும் வராமல் போயிருந்தால் நான் இன்றைக்கு யார் என்று எனக்கே தெரியாது. இதைப் படிக்கும்வரை இப்படி ஒரு கேள்வி என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

---

நிலக்கரி

மலைவழி, படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை.

என் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது, அது செர்ரியைப் பற்றியது அல்ல. அனுபவமில்லாத, கண் தெரியாத 26 வயது ஆளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நாய்க்கு அங்கே ஏன் உணவு வைக்கவில்லை? நாய்களைப் பற்றி ஸ்காட் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு கட்டளை தந்திருக்கிறார். அந்தக் கிடங்கையே முதலில் திட்டமிட்ட இடத்துக்கு வடக்கே, பல மைல் முன்னதாகவே வைத்துவிட்டார்கள், குதிரைகள் தளர்ந்துபோனதால். மேலே எடுத்த முடிவுகளின் பாரம் வரிசையின் கடைசியில் நின்றவன் தலையில் இறங்கியது. சுரங்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்தால் கடைசியாக விசையைத் தொட்டவன் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த ஆளும் சாகும்வரை தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப் பார்க்கும்போது செர்ரி எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

---

தாள்முனை

நினைவுக் குறிப்பு என்று வரும்போது எதை நம்புவது என்பதையும் பேச வேண்டும். நடந்தது 1911, அச்சானது 1922. நடுவில் ஒரு உலகப்போர். செர்ரி பிளாண்டர்ஸில் கவசக் கார் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார், 1916இல் கடுமையான குடல்நோயோடு திருப்பி அனுப்பப்பட்டார், மாதக்கணக்கில் படுக்கை. நெய்தலைப் போலவே, படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் புத்தகம் இது.

முதலில் பயணத்தின் அதிகாரபூர்வ வரலாறாகத்தான் எழுதக் கேட்டார்கள். அமைப்பின் பெயரில் எழுதினால் உண்மையைச் சொல்ல முடியாது என்று விலகிக்கொண்டு தன் பொறுப்பில் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. கையெழுத்துப் படியைப் படித்து ஆலோசனை சொன்னவர் அவர்.

ஆகவே இது நினைவில் இருந்து மட்டும் வந்தது இல்லை. தன் நாட்குறிப்பு, பவர்சின் கடிதங்கள், லேஷ்லியின் குறிப்பு, வெப்பநிலைப் பதிவு என எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். பவர்ஸ் அந்தக் குளிரிலும் தவறாமல் வெப்பமானி பார்த்துக் குறித்து வைத்தவர். அதனால் எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே கவனம் வேண்டுமென்றால், வில்சனையும் பவர்சையும் பற்றிப் பேசும் இடத்தில். ஒரு குறையும் இல்லாத மனிதர்களாக வருகிறார்கள். செத்துப்போன நண்பனைப் பற்றி, அவன் சாவில் தனக்கும் பங்கு உண்டோ என்று மருகுகிறவன் வேறெப்படி எழுதுவான்? அவர்கள் அப்பழுக்கற்றவர்களா என்று நான் தேடமாட்டேன். செர்ரி அவர்களை எவ்வளவு நேசித்தார் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது, அதில் பொய் இல்லை.

---

தொடுவானம்

துன்பத்தை வென்ற கதை வேண்டுவோர், அதே காலத்தில் அண்டார்க்டிக்காவில் வேறொரு குழுவை நடத்திய டக்ளஸ் மாசனின் 'தி ஹோம் ஆஃப் தி பிளிசர்ட்' (1915) படிக்கலாம். 1912 டிசம்பர் 14 அன்று கூட வந்த நின்னிஸ் வண்டியோடு பனிப்பிளவுக்குள் விழுந்து மறைந்தார், உணவில் பெரும்பகுதியும் கூடாரமும் அவரோடு போயின. அடுத்த மாதம் மெர்ட்ஸ் இறந்தார். மாசன் தனியாக நடந்தார். உள்ளங்கால் தோல் முழுதாக உரிந்து வந்தது, அதையே திரும்ப வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். 1913 பிப்ரவரி 8 அன்று முகாமை அடைந்தார். கப்பல் அன்றைக்குச் சில மணிநேரம் முன்பு புறப்பட்டுப் போயிருந்தது. இன்னொரு குளிர்காலம் அங்கேயே.

மாசன் ஊர் திரும்பிப் பேராசிரியராக நீண்ட காலம் வாழ்ந்தார். செர்ரியால் அப்படித் திரும்ப முடியவில்லை. மனச்சோர்வு அவரை 1959இல் சாகும்வரை விடவில்லை. இருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்த எனக்கு விருப்பமில்லை. மாசனுக்குத் தன் உடம்பைக் காப்பாற்றுவது ஒன்றே வேலையாக இருந்தது. செர்ரியின் பாரம் வேறு வகை.

---

கடைசிபெஞ்ச்

குட்டன்பெர்க் தளத்துல இலவசமா இருக்கு. அந்தக் குளிர்காலப் பயண அத்தியாயத்த மட்டும் நேத்து ராத்திரி உக்காந்து முடிச்சேன். இங்கிலீஷ் நான் பயந்த அளவுக்குக் கஷ்டமா இல்ல.

யாரும் சொல்லாத ஒண்ணு. பவர்ஸ்கிட்ட பஞ்சு மாதிரி மெத்துனு ஒரு உள்விரிப்பு இருக்கு, உறக்கப்பைக்குள்ள போடுறது. அத அவர் பயன்படுத்தாமலே உலர்ந்தபடி வச்சிருக்கார். செர்ரியோட பை முழுக்க ஐஸ், வீங்கிப் பலகை மாதிரி ஆயிடுச்சு. பவர்ஸ் அத எடுத்து 'நீ வச்சுக்கோ'ங்கறார். செர்ரி வேண்டாங்கறார். திரும்பக் கேக்கறார். திரும்ப வேண்டாம். கடைசில வாங்கிக்கறார். அந்த மாதிரி ஒரு இடத்துல உலர்ந்த துணின்னா உயிர். அதக் குடுக்குறதுக்கு ஒருத்தர் கெஞ்ச வேண்டி இருந்துச்சு, வாங்குறதுக்கு இன்னொருத்தருக்கு அவ்வளவு கூச்சம்.

பனிப்பிளவு, புயல் எல்லாம் படிச்சப்ப ஒண்ணும் ஆகல. இந்த இடத்துல அழுதுட்டேன்.

---

பெயர்த்தெழுதுபவர்

கடைசிபெஞ்ச் சொன்ன அத்தியாயத்தைத் தமிழில் கொண்டுவர ஒரு மாதமாக முயல்கிறேன். இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டேன், கேட்கலாம் என்று வந்தேன்.

முதலாவது 'பனி'. புல்நுனியில் இருப்பதும் பனி, மலையை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து பொழிவதும் பனி, கல்லாக இறுகியதும் பனி. செர்ரியின் ஒரே பத்தியில் உடையில் படியும் உறைபனி, காற்றில் பறக்கும் தூள்பனி, காலடியில் இறுகிய பனித்தரை, கீழே கடல்மேல் மிதக்கும் பனித்தளம் என்று நாலும் வருகின்றன. எல்லாவற்றையும் 'பனி' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும். இப்போதைக்கு உறைபனி, தூள்பனி, பனிக்கட்டி, பனித்தளம் என்று பிரித்து, முதல் பக்கத்திலிருந்தே அதே பொருளில் விடாமல் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. அவ்வளவு துன்பத்திலும் தாங்கள் 'ப்ளீஸ்', 'தேங்க்யூ' சொல்ல மறக்கவில்லை என்று செர்ரி எழுதுகிறார். அவருக்கு அது பெரிய விஷயம். அந்த இரண்டு சொல்தான் தங்களைத் தாங்களாக வைத்திருந்தது என்கிற மாதிரி. 'தயவுசெய்து', 'நன்றி' என்று எழுதிப் பார்த்தேன். விண்ணப்பப் படிவம் போல ஆகிவிட்டது. ஒரே கூடாரத்தில் ஒட்டிப் படுத்திருக்கும் மூன்று பேர் நம் மொழியில் அப்படிப் பேசவே மாட்டார்கள். நெருங்கினவரிடம் நாம் நன்றி சொன்னால் அது விலக்கி வைப்பது போல ஆகிவிடுமே.

---

ஆழி

கப்பலில் நாங்கள் நன்றி சொல்லிக்கொண்டதில்லை. கடுமையான வேலையின்போது கெட்டவார்த்தை கூட வரும். ஆனால் ஒருவன் ஸ்பேனரை நீட்டும்போது பிடியை நம் பக்கமாகத் திருப்பிக் கொடுப்பான். எண்ணெய்க் கையால் தொட்ட இடத்தைத் துடைத்துக் கொடுப்பான். அதுதான் எங்களுக்கு நீங்கள் சொல்லும் சொல். உங்களுக்கு இது உதவுமா தெரியவில்லை.

---

மலைவழி

மரியாதை விகுதி? வில்சன் மூத்தவர், 39 வயது. மற்ற இருவரும் அவரிடம் 'பிடிங்க', 'வாங்க' என்பார்கள். அவர் இவர்களிடம் 'பிடிப்பா' என்பார். ப்ளீஸ் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் செர்ரியும் பவர்சும் தங்களுக்குள் பேசும்போது எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை.

---

நெய்தல்

கட்டுப் பிரித்துவிட்டார்கள். நேற்று முதன்முறையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்தேன். பின்னாலேயே அம்மா வந்தாள், ஒரு கையை என் முழங்கைக்குக் கீழே தொடாமல் வைத்துக்கொண்டு. வாசல்படியில் கால் தூக்க முடியவில்லை. "கொஞ்சம் பிடிம்மா" என்றேன். பிடித்தாள்.

அப்போதுதான் உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது. 'கொஞ்சம்' என்று போட்டுப் பாருங்களேன். "கொஞ்சம் கயிறு பிடி." "கொஞ்சம் நகர்ந்துக்கோ." "அந்த அடுப்பக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு." அளவைச் சொல்லும் சொல் இல்லை அது. கேட்பதைச் சிறிதாக்கிக் கேட்பது. எதிரில் இருப்பவனும் களைத்திருக்கிறான் என்று தெரிந்து கேட்பது.

'தேங்க்யூ'வுக்கு எனக்கும் சொல் கிடைக்கவில்லை. பவர்சின் விரிப்பை வாங்கிக்கொள்ளும் இடத்தில் செர்ரி என்ன சொன்னதாக எழுதப்போகிறீர்கள்?

---

பெயர்த்தெழுதுபவர்

'கொஞ்சம்' போட்டு எட்டுப் பக்கம் திருத்திவிட்டேன், மூன்று பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மலைவழி சொன்ன விகுதியையும் சேர்த்துக்கொண்டேன்.

விரிப்பு வரும் இடத்தில், செர்ரியை ஒன்றும் சொல்லவிடாமல் வாங்கிக்கொள்ள வைத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு, "நீ?" என்று மட்டும் கேட்கிறார்.

---

கடைசிபெஞ்ச்

அத மாத்தாதீங்க.